வயது கடந்த கல்லூரிக் கல்வியும் அதற்கான நிதியும்: போடிநாயக்கனூர் ஏலமலைப் பகுதி

பள்ளியையோ கல்லூரியையோ இடையில் விட்டு, சில ஆண்டுகள் கூலி வேலைக்கோ வீட்டுப் பொறுப்புக்கோ சென்று, பின்னர் வேலையில்லாத நிலையில் மீண்டும் பட்டப்படிப்பில் சேர்பவர்கள் வயது கடந்த மாணவர்கள் எனப்படுகின்றனர். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் இத்தகையோர் தங்கள் படிப்புச் செலவை எவ்வாறு ஈடுசெய்ய முடிந்தது, அரசின் எந்தத் திட்டங்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன, எவை கைகொடுக்கவில்லை என்பதன் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. இந்தியாவில் கல்வி உதவித் திட்டங்களில் பெரும்பாலானவை பள்ளி முடித்தவுடன் கல்லூரிக்குச் செல்லும் இளைஞரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. முப்பது வயதில் படிக்க வருபவருக்கென்று தனித் திட்டம் ஏதும் வகுக்கப்படவில்லை. அவர் பிறருக்காக வகுத்த விதிகளுக்குள் தமக்கான இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இடமும் தொழிலும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த நகரம். முன்பு ஜமீனாக இருந்தது. மதுரை மாவட்டத்தில் இருந்த இந்நகரம் தேனி மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் அதன் பகுதியாயிற்று. ஏலக்காய் வணிகமே இதன் அடையாளம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இரு மையங்களில் போடிநாயக்கனூர் ஒன்று. மற்றொன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடி. விளைச்சல் பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலுள்ள உடும்பன்சோலை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பகுதிகளில் நடைபெறுகிறது. அங்கு காய் பறிக்கவும் கவாத்துச் செய்யவும் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் அதிகாலையில் ஜீப்புகளில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறி மாலையில் திரும்புகின்றனர்.

ஏலக்காய் ஒரே முறையில் அறுவடையாகும் பயிர் அன்று. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை பல சுற்றுகளாகக் காய் எடுக்கப்படுகிறது. அந்த மாதங்களில் வேலை தொடர்ந்து கிடைக்கும். கோடையில் குறைந்துவிடும். எனவே இப்பகுதியில் ‘வேலையில்லாதவர்’ என்பவர் ஆண்டு முழுவதும் வேலையற்றவராக இருப்பதில்லை. ஆண்டில் சில மாதங்கள் கூலியும் சில மாதங்கள் வெறுங்கையுமாக இருப்பவரே மிகுதி. காய் எடுக்கும் காலத்தில் வீட்டில் கூடுதல் கை தேவைப்படுவதால் ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

வேலை திடீரென நின்றுபோன காலங்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை தொடர்பான பதற்றத்தின்போது எல்லைச் சாலைகள் அடைபட்டன. தமிழகத் தொழிலாளர்கள் மலைக்குச் செல்ல முடியவில்லை. 2018 ஆகஸ்டில் இடுக்கியில் பெய்த பெருமழை தோட்டங்களைச் சேதப்படுத்தியது. 2020இல் கொரோனா பொதுமுடக்கத்தின்போது எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு தேவைப்பட்டதால் பலருக்கு அந்த ஆண்டின் கூலி கைநழுவியது. தோட்டக் கூலியை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை ஒவ்வொரு முறையும் இந்நிகழ்வுகள் உணர்த்தின. நிலையான வேலைக்கு ஒரு பட்டம் உதவும் என்ற எண்ணம் இப்பின்னணியில் வலுப்பெற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான கல்வி வசதியைப் பற்றிப் பேசியது. 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டங்களில் கல்வி வசதி செய்து தரும்படி உரிமையாளரைப் பணிக்க மாநில அரசு விதி வகுக்கலாம் என்பது அதன் 14ஆம் பிரிவு. தொடக்கக் கல்வியோடு அது நின்றுவிட்டது. பின்னர் வந்த தொழிலாளர் நல வாரியங்களின் கல்வி உதவியும் தொழிலாளியின் பிள்ளைக்கே உரியது. தொழிலாளியே மாணவராகக்கூடும் என்பதை இவ்விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லூரிகள் அருகே வருதல்

1950களின் நடுப்பகுதி வரை இப்பகுதியினர் கல்லூரிக்கு மதுரை செல்ல வேண்டியிருந்தது. 1928இல் திறக்கப்பட்ட மதுரை – போடிநாயக்கனூர் ரயில் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டது. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தொடங்கப்பட்டது கம்பம் பள்ளத்தாக்கின் கல்வி வரலாற்றில் முக்கியமான நிகழ்வு. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1978இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. பெரியகுளத்தில் பெண்களுக்கான ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி 1971இல் தொடங்கியது. போடிநாயக்கனூரில் ஏலத் தோட்டக்காரர்களின் சங்கம் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியை நிறுவியது. ஏலக்காய் வணிகத்தில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி கல்லூரியாக மாறியதற்கு அது சான்று. 2012இல் போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது.

இக்கல்லூரிகள் தூரத்தைக் குறைத்தன, நேரத்தைக் குறைக்கவில்லை. காலை முதல் மாலை வரை வகுப்பில் இருப்பவர் மலைக்குச் செல்ல முடியாது. கட்டணமே இல்லாவிட்டாலும் மூன்றாண்டுக் கூலியை இழக்க வேண்டும். வயது கடந்த மாணவரின் உண்மையான செலவு இந்தக் கூலியிழப்பே. பதினெட்டு வயது மாணவருக்கு உணவும் உறைவிடமும் பெற்றோரிடமிருந்து கிடைக்கும். முப்பது வயதுக்காரர் தம் பிள்ளைகளுக்கு அவற்றை அளிப்பவராக இருக்கிறார்.

உதவித்தொகையின் தொடக்கம்

இந்திய அரசு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தை 1944இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கு உரிய இத்திட்டம் இன்றும் நடைமுறையில் உள்ள பழமையான கல்வி உதவிகளுள் ஒன்று. அதே 1944இல் அமெரிக்கா போர் வீரர்களுக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. போரிலிருந்து திரும்பியவர் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், மாதம் 50 டாலர் வாழ்க்கைச் செலவும், குடும்பம் உள்ளவருக்கு 75 டாலரும் அச்சட்டம் வழங்கியது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதைக் கொண்டு கல்லூரிகளில் படித்தனர். கட்டணத்தோடு குடும்பச் செலவையும் சேர்த்துக் கொடுத்ததே அத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணம். மணமாகி, குழந்தை பெற்றவரும் மாணவராக முடியும் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் போர் வீரர்களின் மறுவாழ்வுக்காக 1945இல் தோன்றிய அமைப்பிலிருந்து வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வளர்ந்தன. 1948இல் அவை பொதுமக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. காலியிடங்களை அவற்றுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1959இல் வந்தது. இவ்வாறு கல்வி உதவி ஒரு துறையிலும் வேலையின்மைப் பதிவு வேறொரு துறையிலும் வளர்ந்தன. வேலையில்லாதவர் படிக்க விரும்பினால் இரண்டையும் இணைத்துப் பார்க்கும் அலுவலகம் எதுவும் உருவாகவில்லை.

மேல்நிலைக் கல்வி உதவித்தொகையில் வயது ஒரு தடையாக வைக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள் இருப்பதே முதன்மை நிபந்தனை. 2010ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி அஞ்சல்வழியில் படிப்பவருக்கும் கட்டணமும், நூல்களுக்காக ஆண்டுக்கு 1,200 ரூபாயும் வழங்கப்பட்டன. முழுநேர வேலையில் இருப்பவர் படிப்புக் காலம் முழுவதும் ஊதியமில்லா விடுப்பு எடுத்தால் மட்டுமே தகுதி பெறுவார். ஒரு பட்டம் பெற்றவர் அதே நிலையில் வேறொரு பாடத்தில் இன்னொரு பட்டம் படித்தால் உதவி கிடையாது. ஆகவே முதல் பட்டத்துக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பணத்தோடும் தொடர்புடைய முடிவாகிறது.

அஞ்சல்வழிக் கல்வி

கூலியை விடாமல் படிக்கும் வழி அஞ்சல்வழிக் கல்வியால் திறந்தது. இந்தியாவில் முதன்முதலில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் தன் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தை ஏற்படுத்தியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியதும் அதே 1971இல்தான். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், நாடு தழுவிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் இவ்வழியில் சேர்ந்தன.

போடிநாயக்கனூரைப் போன்ற ஊர்களில் அஞ்சல்வழிக் கல்வி தபால்காரர் கொண்டுவந்த பாடக் கட்டுகளாகவும், விடுமுறை நாட்களில் நடந்த தொடர்பு வகுப்புகளாகவும் அறிமுகமாயிற்று. ஆசிரியப் பயிற்சி மட்டும் முடித்துப் பணியிலிருந்த பள்ளி ஆசிரியர்கள், எழுத்தர்கள், மணமான பெண்கள் ஆகியோர் இதனால் பட்டம் பெற்றனர். கட்டணம் நேரடிக் கல்லூரியின் விடுதிச் செலவோடு ஒப்பிடக் குறைவு. தவணையாகவும் செலுத்த முடிந்தது.

ஏலமலைத் தொழிலாளிக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் பருவத் தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறுகின்றன. டிசம்பர், காய் எடுப்பு நடக்கும் காலம். தேர்வுக்காக இரண்டு வாரம் வேலையை விட்டால் ஆண்டின் சிறந்த கூலி போய்விடும். ஜூன் தேர்வு வேலை குறைந்த காலத்தை ஒட்டி வருகிறது. சேர்க்கையும் ஜனவரி, ஜூலை என இரு முறை உண்டு. அறுவடைக் கூலி கையிலிருக்கும் ஜனவரியில் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, பெரும்பாலான தாள்களை ஜூனில் எழுதுவது இப்பகுதியின் தொழில் நாட்காட்டியோடு பொருந்தும் முறை. தாளுக்குத் தாள் தேர்வுக் கட்டணம் தனியாகச் செலுத்த வேண்டியிருப்பதால், எழுதமாட்டோம் என்று தெரிந்த தாளுக்குப் பணம் கட்டாமலிருப்பதும் சிக்கனமே.

திறந்தநிலைப் பட்டமும் 2009ஆம் ஆண்டும்

பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இன்னொரு வழியைத் திறந்தன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகள், முந்தைய கல்விச் சான்று இல்லாதவரும் 21 வயது நிறைந்து நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைதூரக் கல்வியில் முதல் பட்டம் படிக்கலாம் என்றன. இதைக் கொண்டு பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ தாண்டாதவர்களும் பட்டம் பெற்றனர். சில பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு படி சென்று, இளநிலைப் பட்டம் இல்லாமலேயே நேரடியாக முதுநிலைப் பட்டமும் வழங்கின.

2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், மானியக் குழுவின் விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும் எனவும், அடிப்படைப் பட்டமின்றிப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது எனவும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் பெறாத திறந்தநிலைப் பட்டங்கள் அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படமாட்டா என்பது அதன் சாரம்.

இதன் விளைவு வயது கடந்த மாணவர்களையே மிகுதியாகத் தாக்கியது. வரிசைப்படி படித்த இளைஞருக்கு இதனால் பாதிப்பில்லை. பள்ளியை இடையில் விட்டு, கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் செலுத்தி, பட்டச் சான்றிதழோடு தேர்வாணையத்தின் வாயிலுக்குச் சென்றவரே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் இழந்தது மூன்றாண்டுக் கட்டணம் மட்டுமன்று. அந்த மூன்றாண்டையும் இழந்தார். முதல் பட்டத்துக்கு மானியக் குழு விதி இடம் தந்திருந்தும், வேலை தரும் அரசு அதை ஏற்காததால் இந்நிலை ஏற்பட்டது.

எனவே இடைநின்றவர்கள் முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்துவிட்டுப் பின்னர் பட்டப்படிப்பில் சேர்வதே பாதுகாப்பான வழி என்ற நிலை உருவாயிற்று. 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இதற்கு இன்னொரு வாயில். இவ்வழியில் காலம் கூடுதலாகும். ஆயினும் செலுத்திய பணம் வீணாவதில்லை. வரிசைப்படி படித்து, அனுமதி பெற்ற நிறுவனத்தில் தொலைதூரக் கல்வி வழியே பெற்ற பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானது என்பதை மானியக் குழு 2022இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்றி, அது நடத்தும் குறிப்பிட்ட படிப்புக்கும் சேரும் ஆண்டில் மானியக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். கட்டணம் கட்டும் முன் இதைச் சரிபார்ப்பது அவசியம்.

வேலையில்லாதோர் உதவித்தொகை

தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வழியாக வேலையில்லாதோர்க்கு மாத உதவித்தொகை வழங்குகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்பது மாத அளவு. காலாண்டுக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். பொதுப் பிரிவில் மூன்றாண்டுகள் வரை கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காலமும் பத்தாண்டு.

பதிவு செய்து ஐந்தாண்டு நிறைந்து, பதிவைத் தொடர்ந்து புதுப்பித்து வந்திருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எனில் 45க்குள் இருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் படித்து, 15 ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும். வேறு நிதியுதவி பெறுபவராக இருக்கக் கூடாது.

இத்திட்டத்தின் ஒரு விதி வயது கடந்த மாணவர்களுக்கு மிக முக்கியமானது. அன்றாடம் கல்லூரிக்குச் சென்று படிப்பவர் இத்தொகையைப் பெற முடியாது. தொலைதூரக் கல்வி அல்லது அஞ்சல்வழியில் படிப்பவருக்கு இத்தடை பொருந்தாது. அதாவது, வேலையில்லாதோர் உதவியைப் பெற்றுக்கொண்டே ஒருவர் பட்டம் படிக்க முடியும். பிரிட்டனில் 1980களில் வேலையில்லாதோர் வாரத்துக்கு 21 மணி நேரத்துக்கு மிகாமல் படித்தால் உதவித்தொகையை இழக்கவேண்டியதில்லை என்ற விதி இருந்தது. அங்கு மணிக்கணக்கால் வரையறுத்ததை இங்கு படிக்கும் முறையால் வரையறுத்துள்ளனர்.

பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு மூன்றாண்டில் கிடைப்பது மொத்தம் 14,400 ரூபாய். ஒரு பட்டப்படிப்பின் காலமும் மூன்றாண்டு. தொலைதூரக் கல்வியின் கலைப் பாடங்களுக்கு இத்தொகை கட்டணத்தின் பெரும்பகுதியைத் தாங்கக்கூடியது. குடும்பத்தைத் தாங்க இது போதாது. மாதம் 400 ரூபாய் மலையில் ஓரிரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். எனவே இதைப் படிப்புக்கான ஒதுக்கீடாகக் கருதலாமே அன்றி வாழ்க்கைச் செலவுக்கான வழியாகக் கருத முடியாது.

நடைமுறையில் பலர் இதை இழப்பது பதிவைப் புதுப்பிக்காததால். மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தபோது பள்ளியில் பதிந்த எண்ணை மறந்து, மலை வேலையில் மூழ்கியவர் முப்பது வயதில் அலுவலகம் சென்றால் மீண்டும் முதலிலிருந்து பதிய நேரும். அதன்பின் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

மாணவர் திட்டங்களில் விடுபட்டோர்

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டம் உண்டு. இதற்கு வருமான நிபந்தனை இல்லை. தேனி மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளிகளில் படித்து வந்தோர் பலருக்கு இது பயன்படும் திட்டம். 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கச் செய்தது. குடும்பத்தில் ஒருவர் முன்பே பட்டம் பெற்றிருந்தால் இச்சலுகை இல்லை. தம்பி தங்கையைப் படிக்க வைக்கத் தாம் படிப்பை நிறுத்திய மூத்தவர், அவர்கள் பட்டம் பெற்ற பின் படிக்க வந்தால் முதல் பட்டதாரி ஆகமாட்டார். குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தவர்க்கே இவ்விதி எதிராக அமைகிறது.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. தொலைதூரக் கல்வியில் படிப்போர் இத்திட்டங்களில் சேரார். இங்கு ஒரு முரண் தெரிகிறது. வேலையில்லாதோர் உதவி தொலைதூரக் கல்வியில் படிப்பவருக்கு உண்டு. நேரடிக் கல்லூரியில் படிப்பவருக்கு இல்லை. மாணவர் உதவி நேரடிக் கல்லூரியில் படிப்பவருக்கு உண்டு. தொலைதூரக் கல்வியில் படிப்பவருக்கு இல்லை.

மாணவருக்கென்று அறிவிக்கப்படாத திட்டங்களும் மறைமுகமாகப் படிப்புக்கு உதவுகின்றன. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது; அவர் அதை எதற்குச் செலவிட வேண்டும் என்று அரசு விதிக்கவில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு. வகுப்புக்கும் நூலகத்துக்கும் தேனி சென்றுவரும் பெண்ணுக்கு இதுவும் கல்வி உதவியே. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட ரயில் 2023 ஜூனில் மீண்டும் போடிநாயக்கனூர் வந்ததால் மதுரைப் பயணமும் மலிவாயிற்று.

கடன்

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கடந்தே தவணை தொடங்கும். 2009-10 முதல், குடும்ப வருமானம் 4.5 இலட்சத்துக்குள் உள்ளோர் தொழிற்படிப்புக்கு வாங்கும் கடனின் அக்காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்றது. மணமானவருக்குக் கணவரோ மனைவியோ மாமனார் மாமியாரோ இணைக் கடன்தாரராக இருக்கலாம் என்று மாதிரித் திட்டம் கூறுகிறது. எனவே மணமானவரை இத்திட்டம் விலக்கவில்லை. ஆயினும் முழுநேரப் படிப்பை முன்வைத்தே இது வகுக்கப்பட்டது. நாற்பதை நெருங்குபவருக்குக் கடனை அடைக்க எஞ்சும் பணிக்காலம் குறைவு என்பதையும் கருத வேண்டும்.

இதனால் இப்பகுதியில் வயது கடந்தோரின் படிப்புக்கு நகைக்கடன், சீட்டு, மகளிர் சுய உதவிக் குழுக் கடன் ஆகியவை கைக்கு எட்டும் வழிகளாக உள்ளன. குழுக் கடனில் வாராந்திர அல்லது மாதாந்திரத் தவணை உடனே தொடங்கிவிடும். படிப்பு முடியும்வரை அது காத்திருக்காது. கோடையில் வேலையில்லாத மாதங்களில் தவணை கட்ட இயலாமல் போவதே இதன் ஆபத்து. அறுவடைக் காலத்தில் சீட்டுக் கட்டி, கட்டணம் செலுத்த வேண்டிய மாதத்தில் எடுப்பது வட்டிச் சுமை குறைந்த வழி.

எல்லைக்கு அப்பால்

ஏலமலையில் தங்கி வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மேல்நிலைக் கல்வி உதவித்தொகையை விண்ணப்பதாரர் நிலையாகக் குடியிருக்கும் மாநிலமே வழங்க வேண்டும். இருபது ஆண்டுகளாக இடுக்கியில் தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்து, குடும்ப அட்டையைப் போடியில் வைத்திருப்பவர் எந்த மாநிலத்தவர் என்பது ஒவ்வொரு சான்றிதழின்போதும் எழும் கேள்வி. தமிழ்நாட்டின் வேலையில்லாதோர் உதவிக்கு உரிய 15 ஆண்டு வசிப்பு நிபந்தனையும் இவர்களைப் பாதிக்கும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகிய மூன்றும் ஒரே மாநிலத்திலிருந்து ஒரே முகவரியில் பெறப்பட்டிருந்தால் மட்டுமே விண்ணப்பம் தடையின்றிச் செல்லும்.

மதிப்பீடு

1944 முதல் இன்றுவரை கல்வி உதவிகள் எண்ணிக்கையில் பெருகியுள்ளன. போடிநாயக்கனூரைச் சுற்றிக் கல்லூரிகளும் பெருகியுள்ளன. கல்விக் கட்டணம் என்ற தடை பெருமளவு தாழ்ந்துவிட்டது. தாழாமல் நிற்பது கூலியிழப்பு என்ற தடை. அமெரிக்கா போர் வீரர்களுக்குச் செய்ததைப் போலக் கட்டணத்தோடு குடும்பச் செலவையும் சேர்த்து வழங்கும் திட்டம் தமிழகத்தில் இல்லை. அந்த இடைவெளியை ஏலமலைக் குடும்பங்கள் அறுவடைக் கூலியாலும் சீட்டாலும் நகையாலும் அடைக்கின்றன.

வேலைவாய்ப்புப் பதிவைத் தவறாமல் புதுப்பித்தல், பள்ளித் தேர்வுகளை வரிசைப்படி முடித்தல், படிப்பின் அனுமதியைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றுக்கும் பெருஞ்செலவு ஆவதில்லை. 2009ஆம் ஆண்டின் நிகழ்வுகளுக்குப் பின், உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட இம்மூன்றுமே வயது கடந்த மாணவரின் உழைப்பு பயனளிக்குமா என்பதைத் தீர்மானிப்பவையாக உள்ளன.